துணியில்லாமல் ஓடிய மெஷின்

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே தெருவின் இரண்டு முனைகளிலும் பேனர் கட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மாளின் படம். கீழே, ஐந்து நாள், ஐந்து நாடகம் என்ற விவரம். மறுபக்கம், தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வசனம்: "போறவ கதவச் சாத்திட்டுப் போ. துணியில தூசி விழுது."

டேப் அக்கா தினமும் அந்தப் பேனருக்கு அடியில்தான் பால் வாங்கப் போய் வந்தாள். ஒருநாளும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? அந்த வசனத்தை முதலில் சொன்னதே அவள்தான்.

அவளுக்கு வயது அறுபத்தேழு. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் தெருவில் கிடையாது. பெயர் அப்படி வந்ததுதான். வீட்டின் முன்னறையே தையல் கடை. பள்ளி யூனிஃபார்ம், ஆஸ்பத்திரிக் கோட்டு, தலையணை உறை, ஜன்னல் திரை என்று எது வந்தாலும் தைப்பாள். சொன்ன தேதிக்குக் கொடுப்பாள். அளவெடுக்கும்போது யாராவது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், "மூச்ச விடுங்க, சட்டைக்குள்ள நீங்கதான் இருக்கப்போறீங்க" என்பாள். அதற்கு மேல் யாரோடும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள்.

படத்தில் இருந்த அம்மாள் ஒரு காலத்தில் அதே வீட்டின் மாடியில் குடியிருந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பகலெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊராருக்கு லைன் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து நாடகம் எழுதுவார். அதுவரை மேடை ஏறியவர்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீட்டில் யாரும் பேசாத பாஷையில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். இவருடைய முதல் நாடகத்தில் திரை தூக்கியதும் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டாள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிக்க முடியாமல் போயிற்று. நம் மேடைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் என்று இன்றைக்குப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். டேப் அக்காவுக்கு அவர் வெறும் மாடியம்மா. படியில் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்குகிறவர்.

நடந்தது இவ்வளவுதான். அம்மா இறந்தபோது டேப் அக்காவுக்குப் பதினெட்டு, தங்கைக்கு ஒன்பது. அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அப்பா வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். தங்கைக்குத் தலை பின்னியது, படிக்க வைத்தது, நர்ஸ் படிப்பில் சேர்த்தது எல்லாம் அக்காதான். தனக்கு வந்த ஒரு கல்யாணப் பேச்சையும் அவளே பேச்சோடு நிறுத்திவிட்டாள். அப்பா வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கையான இரண்டாம் வருடம், தங்கைக்கு வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இங்கேயே இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கக்கூடாதா என்று அக்கா கேட்டாள். ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற வேலை இங்கே கிடைக்காது என்றாள் தங்கை. ஒரு வாரம் இரண்டு பேரும் அப்பாவின் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று, அவர் காதில் விழாமல் சண்டை போட்டார்கள்.

போகிற அன்று தங்கை பெட்டியோடு வாசலில் நின்று, "போய்ட்டு வரேங்க்கா" என்றாள். அக்கா மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெள்ளைக் கோட்டு ஒன்றுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தவள், அந்த வசனத்தைச் சொன்னாள். தங்கை கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒரு வருடம் கழித்து தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அவள் வேலை பார்க்கும் ஊரில் ஒரு நாடகம் நடந்ததாம். சக நர்ஸ்களோடு போனாளாம். "நம்ம வீட்டுச் சண்டையை மாடியம்மாகிட்டச் சொல்லி மேடை ஏத்திட்டே. அந்த வரி வந்ததும் என்னால உக்கார முடியல, எழுந்து வந்துட்டேன். பின்னாடி ஜனங்க கைதட்டினது வெளியில ரோடு வரைக்கும் கேட்டுது."

டேப் அக்கா யாரிடமும் எதையும் சொன்னதில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

"ஒட்டுக் கேட்டுப் பொழைக்கறதுக்கு டெலிபோன் ஆபீஸ் போதாதா உங்களுக்கு? எங்க வீட்டு வாசப்படி வேற வேணுமா?"

மாடியம்மா கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"காதுல விழுந்தது என் தப்பில்ல. உங்கள ஒரு வார்த்தை கேக்காம எழுதினேனே, அது தப்புதான்" என்றார். "திட்டுங்க. ஆனா ஒரு தடவ வந்து முழுசா பாருங்க. பாத்துட்டுத் திட்டுங்க."

மறுநாள் காலையில் கடை மேஜையில் இரண்டு டிக்கெட் இருந்தது. டேப் அக்கா இரண்டையும் கொண்டுபோய் மாடிப்படியின் முதல் படியில் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு மாதத்தில் மாடியம்மா வேறு தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போனார். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது ஊரே திரண்டு போனது. டேப் அக்கா அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் வராத கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கையோடு பேச்சு முறிந்துவிடவில்லை. முறிந்திருந்தால்கூட ஒரு நாள் ஒட்டியிருக்கலாம். அப்பா போனபோது வந்தாள், சொந்தக்காரர்களோடு ஒருத்தியாக நின்றுவிட்டுப் போனாள். கல்யாணம் செய்துகொண்டாள், பத்திரிகை வந்தது. மகன் பிறந்தான், போன் வந்தது. வருடத்துக்கு மூன்று முறை, உடம்பு எப்படி, மழை உண்டா என்று கேட்டு வைத்துவிடுவார்கள். முப்பத்திரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. இதற்குள் அந்த வசனம் ஊர்ப் பேச்சில் கலந்துவிட்டது. ஆபீசை விட்டுக் கிளம்புகிறவனைப் பார்த்துச் சக ஊழியன் சொல்வான். பஸ் கண்டக்டர் சொல்வார். கடைக்கு வருகிறவர்களே டேப் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் உதட்டை விரித்து வைப்பாள்.

விழா நடத்துகிற இயக்குநருக்கு 'ஒன்ஸ்மோர்' என்று பட்டப்பெயர். பேங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்திகையில் எவ்வளவு நன்றாக நடித்தாலும் "ஒன்ஸ் மோர்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பாராட்டு வராதாம். அவர்தான் ஒரு நாள் கடைக்கு வந்தார். ஐந்து நாடகத்துக்கும் சேர்த்து நாற்பது உடைகள். அவருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. நேரத்துக்குக் கொடுக்கிற தையல்காரி யார் என்று விசாரித்து வந்திருந்தார். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். டேப் அக்கா ஒப்புக்கொண்டாள்.

அளவு கொடுக்க நடிகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா வேஷத்துக்கு வந்தவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை விரித்துக்கொண்டு நின்றபடியே, "அந்த அக்கா ரொம்பக் கல்நெஞ்சுக்காரி இல்ல? எனக்கே அந்த வரி சொல்லும்போது உடம்பு கூசுது" என்றாள்.

"தோள் பதினாலரை" என்றாள் டேப் அக்கா. "கைய இறக்குங்க."

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது மதியம் ஒன்ஸ்மோரிடமிருந்து போன். மேடைக்கு என்று வாங்கிய பழைய தையல் மெஷின் படுத்துகிறதாம், ஒத்திகை நிற்கிறதாம், கொஞ்சம் வர முடியுமா என்றார்.

ஒத்திகை நடந்தது ஒரு பள்ளிக்கூட ஹாலில். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். மேடை நடுவில் மெஷின். பல் டாக்டர் பெண் தலையில் கைவைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டேப் அக்கா குனிந்து அடித்தட்டை நகர்த்திப் பார்த்தாள். கீழே நூல் சிட்டுக்குருவிக் கூடு மாதிரி சுருண்டு கிடந்தது.

"துணி வைக்காம ஓட்டினீங்களா?"

"ஆமா."

"நூல் கோத்துக்கிட்டு வெறும் மெஷின ஓட்டினா இப்படித்தான் சிக்கும். மேல நூலையும் எடுத்துடணும், அடியில நூல் சுத்தின பாபினையும் எடுத்துடணும். எதுக்கு வெறும் மெஷின ஓட்டறீங்க? துணி இல்லன்னா நான் தரேன்."

"நாடகத்துலயே அப்படித்தாங்க இருக்கு" என்றார் ஒன்ஸ்மோர். கையிலிருந்த பிரதியைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். டேப் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தப் புகழ்பெற்ற வசனம் பக்கத்தின் நடுவில் இருந்தது. அதோடு முடியவில்லை. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் நாலு வரி இருந்தது.

"தங்கை போகிறாள். அக்கா மெஷினிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மடித்து வைக்கிறாள். பிறகு துணியில்லாமல் மெஷினை ஓட்டுகிறாள். துணி இருக்கும் சத்தம் வேறு, இது வேறு. வெளிச்சம் முழுவதும் போகும்வரை நிறுத்துவதில்லை."

டேப் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மெஷினுக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேல் நூலை உருவினாள், பாபினைக் கழற்றினாள், சிக்கைக் கத்தரித்து எடுத்தாள். சரியாகிவிட்டதா என்று பார்க்கிறவள் போலக் காலை வைத்து மிதித்தாள். வெறும் மெஷின் கடகடவென்று ஓடியது. அன்றைக்கு ஓடியது போலவே.

அன்றைக்கு அவள் அழவில்லை. அழுதால் உள்ளறையில் அப்பாவுக்குக் கேட்கும். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் பெண் வேலையாக இருக்கிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார். கோட்டை மட்டும் எடுத்துவிட்டாள். தையல் கோணிப்போய் அது வீணாகிவிடக்கூடாதே. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். மாடியில் ஒருத்தி, காதே பிழைப்பாக வாழ்ந்த ஒருத்தி, தரை வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதில் துணி இல்லை என்றுகூடக் கண்டுபிடித்திருக்கிறாள்.

வசனம் வாய்விட்டு வாய் போயிற்று. ஊர் முழுக்கப் பரவிற்று. சத்தத்தை யார் எடுத்துக்கொண்டு போய் யாரிடம் சொல்வார்கள்? முழுசா பாருங்க என்று அந்த அம்மாள் சொன்னது இதற்காகத்தான். சொன்னவர் இப்போது இல்லை. டேப் அக்கா மிதியிலிருந்து காலை எடுத்தாள். அடித்தட்டை மூடிவிட்டு, "ஓடுது. இனிமே சிக்காது" என்றாள்.

போகப் புறப்பட்டவள் மேடை ஓரத்தில் நின்றாள். "ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றார் ஒன்ஸ்மோர்.

"மடிப்பு வைக்கற நேரத்துல வாயில குண்டூசி இருக்கும். அஞ்சு, ஆறு இருக்கும். அத வச்சுக்கிட்டுப் பேச முடியாது. ஒவ்வொண்ணா எடுத்து மேஜையில வச்சிட்டுத்தான் பேசணும்."

பல் டாக்டர் பெண் உதட்டில் ஊசி இருப்பது போலப் பாவனை செய்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஐந்தாவதை வைத்துவிட்டு வசனத்தைச் சொன்னாள். அவள் மெதுவாகத் திரும்பினாள். "அப்போ இது வாய் தவறி வந்ததில்ல. சொல்லாம இருக்க அவளுக்கு நேரம் இருந்திருக்கு."

"இருந்துது" என்றாள் டேப் அக்கா. "அஞ்சு ஊசி நேரம் இருந்துது."

ஒன்ஸ்மோர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் ஒன்ஸ் மோர் சொல்ல மறந்துவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டேப் அக்கா தங்கைக்குப் போன் செய்தாள். அது போன் செய்கிற மாதமில்லை. எடுத்தவுடனே தங்கை, "என்னக்கா, உடம்புக்கு என்ன?" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இங்க நாடகம் போடறாங்க. நாலு மணி ஆட்டம், ஞாயித்துக்கிழமை."

"எந்த நாடகம்?"

"நம்ம நாடகம்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அதப் பாக்கவா என்னக் கூப்பிடறே?" என்றாள் தங்கை.

"நீ பாதியில எழுந்து வந்துட்டே. நான் போகவே இல்ல. ரெண்டு பேருமே முழுசா பாக்கல. வா, பாப்போம். பாத்துட்டு என்னைத் திட்டணும்னா திட்டு."

"முட்டி வலி எனக்கு. பஸ்ல ஆறு மணி நேரம்."

"முட்டிக்கு ஒரு தலையணை தச்சு வைக்கறேன்."

தங்கை சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து இறங்கினாள். நரைத்துப் பருத்து, தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கே உரிய அதட்டலோடு ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "மெஷின மாத்தலையா?" என்றாள். "ஓடுதே" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

ஹாலில் உட்கார இடமில்லை. ஒன்ஸ்மோர் மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலி வைத்திருந்தார். நாடகம் ஒன்றரை மணி நேரம். அப்பா கட்டிலுக்கு இரு பக்கமும் நின்று குரலை அடக்கிச் சண்டை போடும் காட்சியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தங்கை முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கடைசிக் காட்சியில் பெட்டியோடு அந்தப் பெண் வந்து நின்றதும், ஹாலே வசனத்துக்குத் தயாரானது. சிலர் வாய்க்குள் சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மேடையில் இருந்தவள் வாயிலிருந்து முதல் ஊசியை எடுத்து வைத்தாள். பிறகு இரண்டாவது. ஆரம்பித்தவர்கள் நிறுத்தினார்கள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதை வைத்துவிட்டு அவள் அந்த வசனத்தைச் சொன்னபோது ஒருவர்கூடச் சேர்ந்து சொல்லவில்லை. கைதட்டவுமில்லை.

தங்கை அசைந்தாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று நினைத்து டேப் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இரு. இன்னும் இருக்கு."

மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் தங்கைக்கு விளங்கவில்லை. பாதி வெளிச்சம் குறைந்த பிறகு தலையை முன்னால் நீட்டிப் பார்த்தாள். தையல்காரி வளர்த்த பெண் அல்லவா? ஊசிக்கடியில் துணி இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. மேடை முழுக்க இருட்டாகும்வரை அவள் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்து நாற்காலிக்குக் கேட்டது.

பிறகு விளக்குகள் வந்தன. பேராசிரியர் ஒருவர் மேடை ஏறி, அந்த மெஷின் நவீன வாழ்க்கையின் வெறுமைக்குக் குறியீடு என்று விளக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா சொல்றார்?"

"பாபின் இல்லன்னு சொல்றார்."

இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். மாலை வெயில் எதிர்க் கட்டிடத்தின் மேல்மாடியில் மட்டும் மிச்சமிருந்தது. தங்கை கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஓட்டினே?"

"அப்பா தண்ணி கேக்கற வரைக்கும்."

"அந்தம்மா நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றாள் தங்கை. "ஆனா அவளுக்கு மாடியிலேர்ந்து கேட்டது மட்டும்தான் தெரியும். நான் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸ விட்டேன். நீ வருவேன்னு. மூணாவதுலதான் ஏறினேன். ஏறி உக்காந்தும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன்."

டேப் அக்கா கழுத்திலிருந்த டேப்பை உருவி, சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினாள். போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு பத்து நிமிட நடைதான். அந்தப் பத்து நிமிடத்தை நடக்காமல் உட்கார்ந்து மிதித்த மிதிக்கு, ஊர் எல்லைவரை போய் வந்திருக்கலாம்.

"செருப்பு போட்டேன்" என்றாள் மெதுவாக. "வாசல் வரைக்கும் வந்தேன். அப்பாவ தனியா விட்டுட்டு எப்படின்னு திரும்பிட்டேன். அது நெஜமா, இல்ல வீம்பான்னு எனக்கு இன்னிக்கும் தெரியல."

"ரெண்டும்தான்" என்றாள் தங்கை. "உன்ன எனக்குத் தெரியாதா."

தங்கை மறுநாளே போவதாக வந்தவள், ஒன்பது நாள் இருந்தாள். எல்லாம் ஒரே நாளில் இனித்துவிட்டது என்று சொல்ல முடியாது. அக்கா மாத்திரையை வேளைக்குப் போடுவதில்லை என்று சண்டை. தங்கை குளித்துவிட்டு ஈரத்துணியைக் கண்ட இடத்தில் போடுகிறாள் என்று சண்டை. இந்தச் சண்டைகளை இப்போது குரலை அடக்கிப் போட வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் உடைகளுக்கான தையல் கூலியைத் தர ஒன்ஸ்மோர் வந்தார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். அந்தக் குண்டூசி... தையல்காரியா இருக்கறதால மட்டும் சொன்னதில்லன்னு தோணுது."

டேப் அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை ஆட்டினாள்.

"நான்தான் சொன்னேன் அந்த வரிய" என்றாள் டேப் அக்கா. "இவகிட்ட."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு பஸ் விஷயம் வந்ததும் அவர் கை சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. பாதி வழியிலேயே நின்றது. "இத நான் அடுத்த தடவ சேத்துக்கலாமா?"

"வேண்டாங்க" என்றாள் தங்கை. "கேட்டீங்க, அதுக்கு நன்றி. இது எங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் வற்புறுத்தவில்லை. போகும்போது மாடியம்மாவின் வீட்டில் அந்த அம்மாள் எழுதிய தாள்கள் எல்லாம் பத்திரமாக இருப்பதாகவும், விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார். டேப் அக்கா பார்க்கிறேன் என்றாள். போனாளா என்றால், இதுவரை போகவில்லை. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்கிறாள்.

தங்கை புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா ஊசியில் நூல் கோர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மூன்று முறை தவறி, நாலாவது முறை விரலால் தடவிக் கோர்த்தாள். தங்கை எழுந்து வந்து அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இமையை விரித்துப் பார்த்தாள். "புரை விழுந்திருக்கு, ரெண்டு கண்ணுலயும். இத வச்சுக்கிட்டா நாப்பது உடுப்பு தச்சே?" மறுபேச்சுக்கு இடம் வைக்காமல் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போனாள். யூனிஃபார்ம் கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். இருபது நாள் பொறுக்கச் சொல்லிவிட்டுத்தான் டேப் அக்கா கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அட்மிஷன் மேஜையில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே, "கூட இருந்து பாத்துக்கறவங்க யாரு?" என்று கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றாள் டேப் அக்கா. "முப்பது வருஷம் இங்கதான் நர்ஸா இருந்து எல்லாரையும் அதட்டிக்கிட்டிருந்தா. அதனால ஊசியெல்லாம் பாத்துப் போடுங்க, குத்தம் கண்டுபிடிப்பா."